முதல் டிராக் டே: போலோவின் பிரேக்கும் டயரும் தாங்குமா?

போரூர் போலோ:

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நடக்கிற ஒரு டிராக் டேவுக்கு, அதாவது சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு, பெயர் கொடுத்துவிட்டேன். பந்தயம் இல்லை, நேரம் எடுக்கப் போவதும் இல்லை, சும்மா நம்ம காரை ஒழுங்கான இடத்தில் ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்க்கணும் என்ற ஆசைதான். கார் 2021 ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), மேனுவல், 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்ஜின், சஸ்பென்ஷன் எதிலும் கை வைக்கவில்லை, எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது.

ஆபீஸ் போவது, மாதம் ஒருமுறை வேலூர் போய் வருவது, இதுதான் இந்த வண்டியின் வாழ்க்கை. கடைசி சர்வீஸில் பிரேக் பேட் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது என்றார்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று பில்லைப் புரட்டிப் பார்த்தால் எங்கேயும் இல்லை. டயர் வண்டியோடு வந்ததுதான், 195/55 ஆர்16.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருத்தர் பெரிய பிரேக் டிஸ்க் போடு என்கிறார், இன்னொருத்தர் டயரை மாற்றாமல் அந்தப் பக்கமே போகாதே என்கிறார், ஆபீஸ் நண்பர் ஒருவர் நைட்ரஜன் அடித்தால் போதும் என்று முடித்துவிட்டார். கையில் இருக்கிற பணம் அளவானது, அதே வண்டியில் திங்கட்கிழமை ஆபீஸுக்கும் போகணும். எதில் செலவு செய்யணும், எதை அப்படியே விட்டுவிடலாம்?

---

கிரீஸ் கை:

பெரிய டிஸ்க்கை மறந்துவிடுங்கள். பில்லில் எங்கேயும் இல்லை என்று போகிற போக்கில் சொன்னீர்களே பிரேக் ஆயில், முதல் செலவு அதற்குத்தான்.

ஏன் என்று கொஞ்சம் கணக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்கு வருகிற நிறைய பேர் ‘நான் ஓஎம்ஆரில் வேகமாகத்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆனதில்லையே’ என்கிறார்கள். ஆளோடு சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வையுங்கள். சிக்னலில் 60லிருந்து நிற்கும்போது பிரேக் விழுங்குகிற சக்தி சுமார் 167 கிலோஜூல். டிராக்கில் 150லிருந்து 60க்கு இறக்கும்போது கிட்டத்தட்ட 875 கிலோஜூல். ஐந்து மடங்குக்கும் மேல், இத்தனைக்கும் வண்டி நிற்கவே இல்லை. இதில் முக்கால் பங்கு முன் பிரேக்குக்குப் போகும். ஒரு முன் டிஸ்க் 5 கிலோ இரும்பு என்று வைத்தால், காற்றில் ஆறுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒரே மிதியில் 140 டிகிரி ஏறும். காற்றின் எதிர்ப்பும் இன்ஜின் பிரேக்கிங்கும் கொஞ்சம் குறைத்துத் தரும், சரி. ஆனால் அது ஆறி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், இப்படி ஒரு லேப்பில், அதாவது டிராக்கின் ஒரு சுற்றில், எத்தனை வளைவு! ஊருக்குள் இரண்டு சிக்னலுக்கு நடுவில் டிஸ்க்குக்குக் கிடைக்கிற ஓய்வு அங்கே கிடையாது.

அந்தச் சூடு பேட் வழியாக, அதை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பர் பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் போகும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை, புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி. பிரேக் ஆயிலின் குணமே ஈரத்தை இழுப்பதுதான், ரப்பர் ஹோஸ் வழியாகவே மெதுவாக உள்ளே வந்துவிடும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே டாட் 4க்கு விதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். நம்ம சென்னைக் காற்றின் ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் ஊற்றிய ஆயிலே இன்னும் இருக்கிறது என்றால் டிராக்கில் கொதிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொதித்தால் குழாய்க்குள் ஆவி வரும், ஆவி அமுங்கும், நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஆவியை அமுக்கவே சரியாகப் போய்விடும், பெடல் தரையைத் தொடும், வண்டி பாட்டுக்குப் போகும்.

அதனால் அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்குங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 இங்கே சுலபமாகக் கிடைக்கிறது, புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை 312 டிகிரி. அவ்வளவு வேண்டாம் என்றால் நல்ல டாட் 5.1 போதும், விதிப்படி அதற்கு 260. டாட் 5 என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், அது சிலிக்கோன், 5.1க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, உங்கள் வண்டியில் ஊற்றவே கூடாது. கடைப் பையன் ‘ரெண்டும் ஒண்ணுதான் சார்’ என்று கொடுத்தால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பிளீட் செய்யும்போது, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும்போது, பக்கத்தில் நில்லுங்கள். நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் டியூப் மாட்டணும், பழைய ஆயில் டீ நிறத்தில் வரும், புதுசு வெளிர் மஞ்சளாக வரும், நிறம் மாறி, குமிழி நின்ற பிறகுதான் அடுத்த சக்கரம். மேலே டப்பாவில் அளவு ‘மின்’ கோட்டுக்குக் கீழே இறங்க விடவே கூடாது, இறங்கி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் அதை வெளியேற்ற ஸ்கேனர் தேவைப்படும். கிளட்சும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது, அதையும் சேர்த்துத் தள்ளச் சொல்லுங்கள். இதைப் பல பேர் செய்வதே இல்லை.

ஸ்டீல் பின்னல் ஹோஸ் வேண்டாம். இருக்கிற ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்து வெடிப்பு இல்லை என்றால் அதுவே ஓடட்டும்.

---

செமி ஸ்லிக்:

ஆயில் எல்லாம் சரி தலைவா, ஆனால் வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது டயர் மட்டும்தான். கம்பெனி டயரில் போனால் எல்லா வளைவிலும் கத்திக்கொண்டே போகும், ஒரு சுகமும் இருக்காது. கொஞ்சம் சேர்த்துப் போட்டு நல்ல கிரிப் உள்ள செட் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், அப்போதுதான் வண்டி என்ன செய்யும் என்றே தெரியும்.

---

செட்டிபாளையம் சனி:

மேலே சொன்னவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிரிப் கூடினால் வளைவை விட்டு வெளியே வரும் வேகம் கூடும், அடுத்த நேர்ப்பாதையின் முடிவில் வேகம் இன்னும் கூடும், அதைக் குறைக்கப் போவது அதே கம்பெனி பிரேக்தானே? பிரேக்கைத் தயார் செய்யாமல் டயரை மட்டும் ஏற்றினால் ஆயில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். அதோடு, முதல் தடவை போகிறவருக்குக் கத்துகிற டயர்தான் வாத்தியார். எல்லை வருவதற்கு முன்னாடியே சத்தம் போட்டுச் சொல்லிவிடும், கிரிப் அதிகமான டயர் அமைதியாக இருந்துவிட்டு ஒரே அடியாக விடும்.

நான் கோவைக்காரன், பெரும்பாலும் கரி டிராக்கில்தான் ஓட்டுவது. அது 2 கி.மீ. சொச்சம், இருங்காட்டுக்கோட்டை 3.7 கி.மீ., அங்கே வேகம் அதிகம், டயரில் ஏறும் சூடும் அதிகம். அதனால் இருக்கிற டயரையே ஒழுங்காகப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 0821 என்றால் 2021இன் 8வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடத்தைத் தாண்டிய டயரை, பட்டன் (தரையைத் தொடுகிற ரப்பர் கட்டை) எவ்வளவு இருந்தாலும், நான் டிராக்குக்கு எடுத்துப் போக மாட்டேன். கையை உள்ளே விட்டு உட்பக்கச் சுவரையும் தடவிப் பாருங்கள், குழியில் விழுந்து அடிபட்ட புடைப்பு நம்ம ஊர் வண்டிகளில் அங்கேதான் ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் பஞ்சர் போட்ட டயர் என்றால் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

பட்டன் புத்தம் புதிதாக 8 மி.மீ. இருப்பதைவிட பாதி தேய்ந்து 4, 5 மி.மீ. இருப்பது டிராக்குக்கு நல்லது என்றால் நிறைய பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். உயரமான ரப்பர் கட்டை வளைவில் அப்படியும் இப்படியும் நெளியும், நெளிந்தே சூடாகி ஓரம் பிய்ந்து வரும். உங்கள் 38,000 கி.மீ. டயரில் 3 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் காய்ந்த டிராக்குக்குத் தாராளம். மழை வந்தால் கதை வேறு.

இப்போது காற்று. இதில்தான் செலவே இல்லாமல் பாதி பலன் இருக்கிறது. காலையில் குளிர்ந்த டயரில் 33 பிஎஸ்ஐ வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். டயருக்குள் இருக்கிற காற்று 35 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் அதுவே 40 ஆகிவிடும். 40இல் டயரின் நடுப்பகுதி உப்பி, தரையைத் தொடுகிற பரப்பு குறைந்து, முன்பக்கம் வழுக்கிக்கொண்டே போகும், நீங்கள் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவீர்கள், வெளி ஓரம் இன்னும் தேயும். அதனால் முதல் செஷன் முடிந்து உள்ளே வந்த உடனே, பாட்டிலைத் தேடுவதற்கு முன்னாடி, நான்கு டயரையும் அளந்து எழுதுங்கள். இந்த மாதிரி முன்சக்கர இழுவை வண்டிக்கு நான் சூட்டில் முன்னாடி 36, பின்னாடி அதைவிட ஒன்றிரண்டு கூடுதல் என்று ஆரம்பித்து அங்கிருந்து சரிசெய்வேன்.

அது சரியா என்பதை டயரே சொல்லும். கடைசிப் பட்டனிலிருந்து பக்கச் சுவர் வரை சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள், ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில். பக்கச் சுவரின் விளிம்பில் சின்ன முக்கோணக் குறி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓடிவிட்டு வந்து பார்த்தால் சாக்பீஸ் எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கியிருக்கிறது. முக்கோணத்தின் நுனியில் நின்றால் சரி. அதைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தால் காற்று போதவில்லை, முக்கோணத்துக்கு எட்டவே இல்லை என்றால் அதிகம். காற்றைக் குறைக்கிறேன் என்று ஆர்வத்தில் 28க்கு இறக்கிவிடாதீர்கள், டயரும் உருளும், ரிம்மும் அடிபடும்.

ஒரு விஷயம் நிச்சயமாக மறப்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். சூட்டில் 36 வைத்தது ஆறினால் 30க்குக் கீழே வந்து நிற்கும். அப்படியே நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பெங்களூர் ஹைவேயில் வீட்டுக்குப் போகாதீர்கள். ஆறின பிறகு பழைய அளவுக்கு ஏற்றிவிட்டுப் போங்கள், சிகரெட் லைட்டரில் மாட்டுகிற சின்ன பம்ப் போதும். கேஜ் மட்டும் சொந்தமாக ஒன்று வாங்குங்கள், பங்க் கேஜ் ஒவ்வொன்றும் ஒரு பேச்சு பேசும்.

நைட்ரஜன்: நாம் அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். ஈரம் இல்லாதது ஒரு சின்ன நன்மை, ஆனால் சூட்டில் அழுத்தம் ஏறுவது ஏறியே தீரும்.

---

போரூர் போலோ:

அண்ணே, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டயர் கோடு 0521, பட்டன் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, இடது முன் டயரின் வெளி ஓரம் மட்டும் சற்று அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. புடைப்பு எதுவும் இல்லை. வயதும் நீங்கள் சொன்ன எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இந்த ஒரு தடவை ஓட்டிவிட்டு நான்கையும் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

பேட் விஷயத்தில்தான் குழப்பம். சர்வீஸ் சென்டரில் ‘பாதிக்கு மேல் இருக்கிறது’ என்றார்களே, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் வெளிப் பேட் 7 மி.மீ., உள் பேட் 5 கூட இல்லை. இதோடு போகலாமா, இல்லை புதுசு போடணுமா? போட்டால் ரேஸ் பேட் போடலாமா? இன்னொன்று, டிராக்கில் பிரேக் போய்விட்டால் அது ஆயிலா பேடா என்று எப்படித் தெரியும்?

---

டீசல் அக்கா:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அது கால் வழியாகவே தெரிந்துவிடும். பெடல் பஞ்சு போல அமுங்கிக் கீழே போனால் ஆயில். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஏறி நின்று மிதித்தும் வண்டி நிற்கமாட்டேன் என்கிறது, கருகின வாடை வருகிறது என்றால் பேட். பேட் சூட்டில் சோர்ந்தது என்றால் ஒரு லேப் மெதுவாக ஓட்டினாலே பெரும்பாலும் திரும்பி வரும். ஆயில் கொதித்தது என்றால் ஆறினபின் பெடல் திரும்பினாலும் அன்றைக்கு அதை நம்பி ஓட்டக் கூடாது, பிளீட் செய்த பிறகுதான் மறுபடி டிராக். எதுவானாலும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே, பெடலைப் படபடவென்று பம்ப் அடித்துக்கொண்டே கியரைக் குறைத்து, ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாமல் நேராக வெளியே மண்ணுக்குப் போய்விடுவது. போகக் கூச்சப்பட்டு வளைவுக்குள் திருப்பப் பார்ப்பவர்கள்தான் உருளுகிறார்கள்.

உள் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது என்றால், புது பேட் போடுவதற்கு முன்னாடி, காலிப்பர் அப்படியும் இப்படியும் நகர்கிற ஸ்லைடு பின் இரண்டையும் கழற்றச் சொல்லு. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகணும். மழைத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் ரப்பர் பூட் கிழிந்து உள்ளே துரு பிடித்து அது இறுகியிருக்கும், அப்போது உள் பேட் மட்டும்தான் வேலை செய்யும், வெளிப் பேட் சும்மா உட்கார்ந்திருக்கும். பின்னைச் சுத்தம் செய்து, சூடு தாங்குகிற சிலிக்கோன் கிரீஸ் போட்டு மாட்டினால் சரி. சாதாரண வீல் பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். அப்படியே டிஸ்க்கின் தடிமனையும் அளக்கச் சொல்லு, குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

5 மி.மீ. கூட இல்லாத பேடோடு நான் போக மாட்டேன். தேய்ந்துவிடும் என்பதற்காக மட்டும் இல்லை, பேட் மெலிந்தால் டிஸ்க் சூடு பிஸ்டனுக்குப் போகிற தூரமும் குறைகிறது, கிரீஸ் கை சொன்ன ஆயில் கதை அங்கேதான் தொடங்குகிறது. புது பேட் போடு, ஆனால் ரேஸ் பேட் வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும், திங்கட்கிழமை காலை போரூர் ரவுண்டானாவில் முதல் மிதியில் பிடிக்காது, மற்ற நேரமெல்லாம் கீச்சுக் கீச்சென்று கத்தும், டிஸ்க்கையும் தின்னும். ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப் என்று ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவில் நிற்கிற பேடுகள் இருக்கின்றன, உன் காலிப்பருக்குக் கிடைக்கிறதா என்று விசாரி. கிடைக்காவிட்டால் கம்பெனி பேடே புதிதாகப் போட்டுக்கொண்டு, மூன்று நான்கு லேப்புக்கு ஒருமுறை ஒரு லேப் ஆறவிட்டு ஓட்டு, முதல் தடவைக்கு அதுவே ஏகம். பின்னாடி டிரம்மைத் தொட வேண்டாம், ஷூவில் சரக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்.

புது பேடை நேராக டிராக்குக்குக் கொண்டு போகாதே. அதிகாலையில் காலியான ரோட்டில், பின்னாடி வண்டி இல்லாதபோது, 90லிருந்து 20க்கு நன்றாக அழுத்தி இறக்கு, முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடு, இப்படி எட்டுப் பத்து தடவை. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் ஐந்தாறு கி.மீ. ஓட்டி ஆறவிடு. நடுவில் சிக்னலில் காலை வைத்து அழுத்தி நின்றால், சூடான பேட் அந்த ஒரு இடத்தில் ஒட்டி, பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீயரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று கடைக்காரர் புது டிஸ்க் விற்கிற கதைகளில் பாதி இதுதான்.

டிராக்கிலும் அதேதான். கடைசி லேப் பிரேக்கே இல்லாமல் ஓட்டி உள்ளே வா, நின்ற பிறகு பெடலிலிருந்து காலை எடு, ஹேண்ட் பிரேக் போடாதே, கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வை. பழக்க தோஷத்தில் கை தானாகப் போகும், லீவரில் ஒரு துணியைக் கட்டி வைத்துவிடு.

---

ஸ்பேனர் 17:

யாரும் சொல்லாத இரண்டு. வீல் போல்ட்டை, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சு வைத்து இறுக்குங்கள், போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். டயர் கடையில் ஏர் கன்னால் முடுக்கிவிட்டது கணக்கில் வராது. முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறின பிறகு இன்னொருமுறை பாருங்கள், சூட்டில் தளர்ந்திருக்கும்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். பாலிசியைப் படியுங்கள், பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் கிளெய்ம் கிடையாது என்று வழக்கமாகவே போட்டிருக்கும். ‘இது பந்தயமே இல்லை, டிராக் டேதான்’ என்று சர்வேயரிடம் வாதாடலாம், ஜெயிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அங்கே ஆகிற சேதம் கைக்காசு என்று மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

---

செமி ஸ்லிக்:

சரி சரி, டயர் விஷயத்தில் எல்லாரும் சேர்ந்து என்னைச் சாத்திவிட்டீர்கள். ஆனால் மூன்றாவது தடவை போகும்போது ப்ரோ என்னிடம்தான் வருவார், பார்த்துக்கொண்டே இருங்கள். இந்த போலோவை வைத்துத்தானே 2010இல் இங்கே போலோ கப் பந்தயமே ஆரம்பித்தார்கள், வண்டிக்கு ரத்தத்திலேயே இருக்கிறது.

இடது முன் டயர் வெளி ஓரம் தேய்ந்திருக்கிறது என்றாரே, அலைன்மென்ட் பார்த்துவிடச் சொல்லுங்கள். டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) தப்பாக இருந்தால் டிராக்கில் அந்த ஓரம் ஒரே நாளில் காலியாகும், வலது வளைவு அதிகம் உள்ள டிராக் என்றால் இடது முன் டயர்தான் எல்லாப் பாரத்தையும் வாங்கும்.

---

போரூர் போலோ:

சரி, முடிவு செய்துவிட்டேன். ஆயில், முன் பேட், ஸ்லைடு பின் சுத்தம், அலைன்மென்ட், ஒரு கேஜ், ஒரு பெட்டி சாக்பீஸ். வேறு எதுவும் இல்லை. கிரீஸ் கை அண்ணே, உங்கள் ஷெட்டிலேயே செய்துவிடலாமா? ஆயில் நான் வாங்கி வரட்டுமா?

---

கிரீஸ் கை:

வாங்க. டிராக் டேவுக்கு முந்தின நாள் வேண்டாம், ஒரு வாரம் முன்னாடி வந்தால்தான் பேடைப் பழக்க நேரம் இருக்கும், ஏதாவது கசிந்தாலும் தெரியும். ஆயிலை நீங்களே வாங்கி வாருங்கள், ஆனால் சீலை உடைக்காமல் கொண்டு வரணும். கழற்றுகிற பழைய பேடைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள், புதுசு அங்கே தேய்ந்து தீர்ந்துவிட்டால் மெதுவாக வீடு வந்து சேர அது போதும்.